கண்ணாடிக்குள் நின்ற காண்டாமிருகம்

சிவகாசிக்குத் தெற்கே கீழப்புலியூரணி என்று ஓர் ஊர். தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்க வேண்டியிருக்கும், அப்புறம் நீங்கள் வீடு திரும்பின மாதிரிதான். நானும் அந்த ஊர்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அங்கே பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற கடை வைத்திருந்தவர் சீனிராஜ். படம் அவர் போடுவார். எழுத்து ஜெயக்கொடி, கலர் அய்யாத்துரை. மூன்று பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் புத்தி தேறும் என்று ஊரில் பேச்சு. எங்கள் ஊர் எதையும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்லும்.

நாம் மந்தமோ என்று சீனிராஜுக்கே அவ்வப்போது தோன்றும். அதை யோசிக்கவும் புத்தி வேண்டுமே என்று விட்டுவிடுவார்.

பத்து வருஷமாக அவர் மேஜையில் கிடந்த ஒரு கறுப்புப் பலகையில் பேனாவை ஓட்டி, எதிரே கம்ப்யூட்டர் திரையில் கோடு வருவதைப் பார்த்து வரைந்தவர். வேலை நேரத்தில் தன் கையை அவர் பார்த்ததே கிடையாது. அந்தப் பலகை ஒருநாள் மண்டையைப் போட்டது. அந்த நேரம் பார்த்து சௌந்தரபாண்டி அண்ணாச்சி வந்தார். அவருடையது காண்டாமிருகம் மார்க் சரவெடி. அந்தத் தீபாவளிக்குக் கடைக்கு வந்த ஒரே வேலை அதுதான். போனால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

“காண்டாமிருகம் நிமிர்ந்து நிக்கணும். வலது பக்கம் பாக்கணும். எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். இல்லைன்னா வேற கடை பாத்துக்கிறேன்” என்றார்.

சீனிராஜ் மதுரைக்கு ஓடினார். கடைக்காரர் ஒரு பென் டிஸ்ப்ளேயை எடுத்துக் கொடுத்தார். “இதுல திரை மேலயே வரையலாம். உங்க வேலைக்கு ஒத்துவருமான்னு வழக்கம் போல வரைஞ்சு பாருங்க. திரையைப் பாத்தே வரைங்க, அதுக்குத்தான் இது. பிடிக்கலைன்னா கொடுத்த மாதிரியே திருப்பிக் கொண்டாங்க.”

வழக்கம் போல என்றால் வழக்கம் போலத்தான். அதைப் பலகை கிடந்த இடத்தில் படுக்க வைத்தார்கள். புதுத் திரை வந்துவிட்டதே என்று அய்யாத்துரை பழைய திரையைக் கழற்றி மூலையில் வைத்தான். சீனிராஜ் வழக்கம் போல நேரே பார்த்தபடி காலை முழுக்க வரைந்தார். சுவரில் ஒன்றும் வரவில்லை.

“சாமான் சரியில்ல” என்றார்.

“அண்ணே, படம் கீழே இருக்கு” என்றாள் ஜெயக்கொடி.

குனிந்து பார்த்தார். இருந்தது. அதற்குள் அய்யாத்துரை அவர் நெற்றியைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

“குனியாதீங்கண்ணே. கழுத்து வலிக்குத் தலை குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

பெரிய சிக்கல். குனியாவிட்டால் திரை தெரியாது, குனிந்தால் டாக்டர் பேச்சை மீறினதாகும். மூவரும் வேலையை நிறுத்திவிட்டு ஆலோசனை நடத்தினார்கள்.

“திரைக்குப் பின்னாடி ரெண்டு கால் மடங்கிக் கிடக்கு. பிரிச்சு நிமிர்த்தி வச்சா நேரா தெரியுமே” என்றாள் ஜெயக்கொடி.

“மடக்கித்தானே கொடுத்தாரு? கொடுத்த மாதிரியே திருப்பிக் கேட்டா என்ன செய்வ?” என்றார் சீனிராஜ்.

நியாயமாகத்தானே பேசுகிறார் என்று கதை சொல்கிற எனக்கும் இத்தனை நாள் பட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அய்யாத்துரைதான் வழி கண்டான். சலூனில் இருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில், கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து மாட்டினான். மேஜையில் கிடந்த திரை அதில் பளிச்சென்று தெரிந்தது. சீனிராஜுக்கு உயிர் வந்தது. தலை குனியவில்லை, திரையையும் பார்த்தாயிற்று. சலூன்காரர்தான் பாவம், அந்த வாரம் முழுக்க அனுமானத்தில் சவரம் செய்தார்.

முதலில் கை மேலே போனால் கண்ணாடியில் கோடு கீழே வந்தது. மறுநாளே சீனிராஜுக்குக் கை பழகிவிட்டது. நேரான விஷயம் பழகத்தான் எங்கள் ஊரில் நாளாகும். சனிக்கிழமைக்குள் கண்ணாடியில் ஒரு காண்டாமிருகம் கம்பீரமாக வலது பக்கம் பார்த்து நின்றது. ஜெயக்கொடியும் கண்ணாடியைப் பார்த்தே பெயர் எழுதினாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். மேஜையில் இருந்த திரையை எட்டிப் பார்த்தார். காண்டாமிருகம் மல்லாக்கக் கிடந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, செத்துக் கிடக்கு.”

அய்யாத்துரை சட்டென்று திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தான். காண்டாமிருகம் எழுந்து நின்றது. ஆனால் இடது பக்கம் பார்த்தது. மறுபடி திருப்பினான். வலது பக்கம் பார்த்தது, படுத்துவிட்டது. போச்சு, கடை போச்சு என்று சீனிராஜ் நினைத்தார்.

“நின்னா இடது பக்கம் பாக்குது, வலது பக்கம் பாத்தா படுத்துக்குது. உங்களுக்கு எது முக்கியம் அண்ணாச்சி?” என்று ஜெயக்கொடி மரியாதையாகக் கேட்டாள்.

“ரெண்டும்தான்.”

சீனிராஜ் யோசித்தார். அண்ணாச்சியைக் கைப்பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். “தலை குனியாம நேரா பாருங்க.”

அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்தார். நின்றது. வலது பக்கம் பார்த்தது. பெயரும் தெளிவாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பா இருந்து பாக்கணும்” என்றார். அண்ணாச்சியும் எங்கள் ஊர்தான் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சீனிராஜ் உடனே மதுரைக்குப் போன் போட்டார். “சாமான் எங்க வேலைக்கு நல்லா ஒத்துவருது, வச்சுக்கிறோம். கூடவே தர வேண்டிய கண்ணாடியைத்தான் மறந்துட்டீங்க. பரவால்ல, நாங்களே மாட்டிக்கிட்டோம்.”

அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “வெடி வாங்குறவன் கண்ணாடிக்கு எங்கப்பா போவான்?”

“பெட்டிக்குள்ளயே ஒரு சின்னக் கண்ணாடி போட்டுருவோம்” என்றான் அய்யாத்துரை.

“உள்ள கண்ணாடி இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“பெட்டி மேலயே எழுதிட்டாப் போச்சு” என்றார் சீனிராஜ்.

ஜெயக்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை குனியாமல், எதிரே பார்த்தபடி, பெட்டியின் மேல்பக்கத்துக்கு நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘உள்ளே கண்ணாடி உள்ளது. அதில் பார்த்துப் படிக்கவும்.’ நாலு பேரும் அதைக் கண்ணாடியில் பார்த்துப் படித்தார்கள். ஒரு பிழை கிடையாது.