தகரத்தைக் கும்பிட்டவர்

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு இன்பவள்ளிக்கு முப்பத்தொன்று. பழைய காரின் தகரத்தை வெல்டிங் இல்லாமல் பசையாலேயே ஒட்டிவிடுவாள் என்று திண்டுக்கல்லில் எல்லோரும் சொன்னதால், வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் வேலை கற்க வந்திருந்தார். மூட்டை அவ்வப்போது அவிழ்ந்துகொண்டது.

இருபத்தாறு வருடமாக அவருக்குச் சோறு போடும் வாடகைக் கார். கதவின் அடித்தகரம் துருப்பிடித்து, வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்துவிட்டது. அவரே இரண்டு முறை பசை தடவி ஒட்டுத் தகரம் வைத்தார். இரண்டு முறையும் பெயர்ந்தது. வெள்ளிக்கிழமை தகுதிச் சோதனையில் எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி காயலான் கடைக்குத்தான்.

“பசை சரியில்ல, வாத்தியாரே,” என்றார் பொன்னுரங்கம்.

இன்பவள்ளி பெயர்ந்த தகரத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் பசை அப்படியே இருந்தது. பசையின்மேல் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“பசை விடலண்ணே. கதவுத் தகரத்தை விட்டது உங்க பெயிண்ட்டு. ஒட்டுற இடத்துல சுரண்டி எடுங்க.”

மகள் கல்யாணத்துக்காக அவர் தன் கையால் அடித்த பெயிண்ட் அது. மனம் வலித்தது.

“மாட்டேன்.”

“அப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க.”

அவர் போகவில்லை. முறைத்துக்கொண்டே மதியம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்தார். வெறும் தகரம் வெளுத்துத் தெரிந்தது. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். நான்கு துணிகள் கறுத்தன. ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பசையை எடுக்கும்முன் தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“மறுபடி துடைங்க,” என்றாள் இன்பவள்ளி.

“ஏன்?”

“விரல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதுமேல வச்சா நிக்காது.”

துடைத்தார். பசையை எடுத்தார். பழகிய கை மறுபடியும் தகரத்துக்குப் போய்க் கண்ணுக்கு வந்தது.

“மறுபடி.”

பொன்னுரங்கம் துணியைத் தரையில் எறிந்தார்.

“நாப்பது வருஷமா தொட்டுக் கும்பிடாம நான் எந்த வேலையும் ஆரம்பிச்சதில்ல. இன்னிக்கும் கும்பிட்டுத்தான் ஒட்டுவேன். வண்டி காயலான் கடைக்குப் போனாலும் போகட்டும்.”

இன்பவள்ளி கீழே குனிந்து, உள்ளங்கையை அந்தத் தகரத்தில் பதித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு புதுத் துணி ஒன்றை நனைத்து அவரிடம் நீட்டினாள்.

“நானும் கும்பிடாம எந்த வண்டியிலயும் கை வச்சதில்லண்ணே. கும்பிட்டதையும் சேத்துத் துடைச்சிட்டுத்தான் ஒட்டுவேன்.”