நண்டு இரவல் வாங்கிய கிண்ணம்

அந்தக் காலத்தில் வாயுள்ள சீவன் எல்லாம் பேசிக்கொண்டிருந்தது. ஆடு பேசும், கொக்கு பேசும், நண்டைக் கேட்கவே வேண்டாம், ஓயாமல் பேசும். பேசாமல் கிடந்தது சிப்பி ஒன்றுதான். அதற்குப் பேச வராது என்று நினைத்துவிடாதீர்கள். எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டு கிடந்தது. பேசினாலும் அதன் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கே சரியாகக் கேட்காது.

ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில் சேறும் மணலுமாக ஒரு கரை. அந்தக் கரைக்கு நண்டுதான் நாவிதன். கத்தி, கத்தரி எதுவும் வாங்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே இரண்டு கையிலும் கொண்டுவந்துவிட்டது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, தேங்காய் நாரை முடிந்து அடித்து நுரை எடுக்கும். நுரையை முகத்தில் தடவிக் கொடுக்கால் ஓர் இழுப்பு இழுத்தால் மயிர் இருந்த இடம் தெரியாது. கைராசி என்றால் அப்படியொரு கைராசி.

ஒரே ஒரு குறை, நுரை அடிக்க நல்ல கிண்ணம் கிடையாது. பூவரசு இலையைத் தொன்னையாக மடித்து அதில்தான் அடிக்கும். நாலு அடி அடிப்பதற்குள் இலை கிழிந்து, நுரையெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர் மடியில் ஒழுகும். அவரும் திட்டுவார், நண்டும் பல்லைக் காட்டும். பிழைப்பு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சிப்பியும் நண்டும் அண்ணன் தங்கை மாதிரி. தண்ணீர் ஏறி நிற்கும்போது சிப்பி தன் இரண்டு ஓட்டையும் திறந்துவைத்துக்கொண்டு சுகமாகக் கிடக்கும். தண்ணீர் வற்றினால் கொக்கு வரும். கொக்குத் தலை தெரிந்ததும் நண்டு ஓடிவந்து சிப்பியின் முதுகில் தட்டும். "மூடிக்கோ தாயி, வந்துட்டான்!" சிப்பி பட்டென்று மூடிக்கொள்ளும். சிப்பிக்கு ஏதாவது ஒன்று என்றால் தன் ஓடுகளை ஒன்றோடொன்று டக் டக்கென்று அடிக்கும். அந்தச் சத்தம் எங்கே இருந்தாலும் கேட்கும், நண்டு செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். கூடப் பிறந்ததுகள்கூட அப்படி இருக்காது.

இப்படி இருக்கும்போது மேட்டுக்காட்டுக் கிடாவுக்குக் கல்யாணம் வந்தது. அப்போதெல்லாம் கிடாவுக்கு நெற்றி, கன்னம், தாடை என்று முகம் முழுக்கத் தாடி. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் அது நண்டைக் கூப்பிட்டு விரட்டியது.

"ஏலே நண்டு, நாளைக்கு எனக்கு மாப்பிள்ளைச் சவரம். பொண்ணு வீட்டுக்காரங்க சுத்தி நின்னு பாப்பாங்க. போன மாசம் கூழைக்கடாவுக்குப் பண்ணின மாதிரி மடியெல்லாம் ஒழுக விட்டே, தெரியும் சேதி! அன்னையிலேர்ந்து இந்தக் கரைக்கு முள்ளம்பன்றிதான் சவரக்காரன்."

முள்ளம்பன்றியாம்! அதன் பக்கத்தில் போய் முகத்தைக் கொடுத்தால் முகம் மிஞ்சுமா? ஆனாலும் அந்தத் தொழிலை விட்டால் நண்டுக்கு வேறு போக்கு இல்லை. உடனே கிண்ணம் தேடிக் கிளம்பியது.

முதலில் ஒரு கொட்டாங்குச்சி கிடைத்தது. நுரை அடிக்கக் கையை விட்டால் அடி எட்டவில்லை. எட்டிப் பார்க்கப் போய்த் தலைகுப்புற உள்ளே விழுந்து, ஏறி வருவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அடுத்தது, யாரோ நுங்கு தின்று போட்ட கோம்பை. அதில் கறை இறங்கி நுரை பழுப்பாக வந்தது. மாப்பிள்ளைக்குச் சேறு பூசிவிடவா முடியும்? பிறகு உடைந்த பானை ஓடு. அது தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது, நுரை எழும்பவே இல்லை. நுரைக்குக் கிண்ணம் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம், கேட்டுக்கொள்ளுங்கள். அகலமாக இருக்க வேண்டும், ஆழம் கூடாது. உள்ளே வழவழப்பு வேண்டும், வெளியே கைக்குப் பிடி கிடைக்க வேண்டும். தண்ணீரைக் குடிக்கவே கூடாது.

அலைந்து அலுத்துப்போய் மறுநாள் காலையில் நண்டு கரைக்கு வந்து உட்கார்ந்தது. தண்ணீர் ஏறி நின்றது. சிப்பி திறந்து கிடந்தது. நண்டு அதன் மேல் ஓட்டையே பார்த்தது. உள்ளே பால் மாதிரி வழவழப்பு. வெளியே வரிவரியாக, பிடித்தால் கொடுக்கு நழுவாது.

"என்னண்ணே, அப்படிப் பாக்கிறே?" என்றது சிப்பி.

"கேக்கவே கூச்சமா இருக்கு தாயி. உன் மேல் ஓட்டை ஒரு சவரத்துக்கு இரவல் குடு. தண்ணி வத்துறதுக்குள்ள கொண்டாந்து மாட்டிடுறேன்."

சிப்பி தன் மேல் ஓட்டை ஒருமுறை மூடித் திறந்தது.

"மூடாம நான் எப்படிண்ணே இருப்பேன்?"

"தண்ணி நிக்கையிலே கொக்கு வராதே."

"வந்துட்டா?"

"வந்தா எப்பவும் போலத் தட்டு. மேட்டுல இருந்தாலும் கேட்டுடும். ஓடி வந்துர மாட்டேனா? இன்னைக்கு இந்தச் சவரம் கெட்டா என் பொழப்பு போயிரும் தாயி."

சிப்பிக்கு அதற்குமேல் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "எடுத்துக்கோண்ணே. சீக்கிரம் வந்துரு" என்றது. நண்டு இரண்டு ஓட்டையும் சேர்த்துப் பிடித்திருந்த நரம்பை நறுக்கிவிட்டு மேல் ஓட்டைக் கழற்றியது.

"வலிக்குதா?"

"இல்லண்ணே. குளிருது."

நண்டு தன் பழைய பூவரசு இலைத் தொன்னையை அதன் மேல் கவிழ்த்து மூடிவிட்டு மேட்டுக்கு ஓடியது.

மேட்டில் பந்தல், மேளம், இரண்டு வீட்டுக் கூட்டம் எல்லாம் இருந்தது. நண்டு புதுக் கிண்ணத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றி நாரால் அடித்தது. அடேயப்பா! பொங்கல் பானை மாதிரி பொங்கியது நுரை. சொட்டு ஒழுகவில்லை. பெண் வீட்டு ஆடுகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன.

"என்ன கிண்ணம்வே இது! வெள்ளிக் கிண்ணம் தோத்துப்போகும்."

பிறந்ததிலிருந்து நண்டைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குத் தலைகால் புரியவில்லை. கிடாவின் தாய்மாமன் வந்து, "மாப்பிள்ளைக்கு முன்னால எனக்கு ஒரு இழுப்பு இழு" என்றார். இழுத்தது. சித்தப்பன் வந்தார். அவருக்கும் இழுத்தது. நடுநடுவே தண்ணீர்ப் பக்கம் காதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது. டக் டக் சத்தம் வரவில்லை. சத்தம் வரவில்லை என்றால் ஆபத்து ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டது. பிறகுதான் மாப்பிள்ளை உட்கார்ந்தார். உட்கார வைத்த ஆளைப் பாதி முகத்தோடு எழுப்பக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். நெற்றி முடிந்தது, இரண்டு கன்னமும் முடிந்தது. தாடை மட்டும் பாக்கி. தாடையில் நுரையைத் தடவிவிட்டு நண்டு கொடுக்கை ஓங்கியது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வீட்டாருக்குள் ஏதோ சண்டை. யார் மாலை கொண்டுவருவது என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. தாய்மாமன் எழுந்து நின்று கத்தினார்.

"எல்லாத்தையும் நாங்களே செய்யணுமோ? ஒரு கை தட்டினா ஓசை வருமாவே?"

நண்டின் கொடுக்கு அப்படியே நின்றுவிட்டது.

அது தன் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தது. தட்டு, தட்டு என்று சொல்லிவிட்டு வந்தோமே, ஓர் ஓட்டை வைத்துக்கொண்டு அது எதில் தட்டும்? மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தது. தண்ணீர் எப்போதோ வற்றிப்போய்ச் சேறு கருப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நண்டு ஓடியது. "ஏலே! தாடை பாக்கி கிடக்குலே! பாதிச் சவரத்தோட மணையிலே உக்காரவா?" என்று கிடா பின்னால் கத்தியது எதுவும் அதன் காதில் விழவில்லை. கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுரை வழிய வழிய ஓடியது.

சேற்றில் பூவரசு இலை புரண்டு கிடந்தது. கீழ் ஓடு மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரிச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் கொக்கு ஒற்றைக்காலில் நின்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாவி, தின்னுட்டியா?" என்று நண்டு அலறியது.

"திறந்து கிடந்துச்சு, தின்னேன். என் மேல ஏன் பாயுறே? எப்பப் பாத்தாலும் மூடிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு என்னமோ மூடவே இல்ல."

"அது கூப்பிடலையா? தட்டலையா?"

கொக்கு கொஞ்சம் யோசித்தது. "அந்த ஒத்தை ஓட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. எதுக்குன்னு எனக்கு விளங்கல. கடைசியிலே வாயைத் தொறந்து அண்ணே, அண்ணேன்னுச்சு. அதுக்குக் கத்திப் பழக்கமில்ல பாரு. பக்கத்திலே நின்ன எனக்கே சரியாக் கேக்கல."

சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனது. அதைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பசிக்கு வந்தது, தின்றது, போனது.

நண்டு கிண்ணத்து நுரையைக் கொட்டிக் கழுவியது. மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின்மேல் பொருத்தி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தால் திறந்துகொண்டது. மறுபடி பொருத்தியது. மறுபடியும் திறந்துகொண்டது. பிறகு இரண்டு ஓட்டையும் ஒன்றோடொன்று அடித்துப் பார்த்தது. டக் டக். மேட்டில் மேளம் அடித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் நண்டு வாய்விட்டு அழுதது. தண்ணீர் திரும்ப ஏறி வந்து, ஓர் ஓட்டை இந்தப் பக்கமும் இன்னோர் ஓட்டை அந்தப் பக்கமுமாக இழுத்துக்கொண்டு போனது.

கிடா அந்தத் தாடைத் தாடியோடுதான் தாலி கட்டியது. நாலு நாள் கழித்துக் கோபமெல்லாம் ஆறி, தானே நண்டின் வளைக்கு வந்தது. "போனது போச்சு. இந்தத் தாடையை முடிச்சுவிடப்பா" என்றது. நண்டு வெளியே வரவில்லை. "கிண்ணம் இல்லை" என்றது. கிடா அலைந்து திரிந்து மாக்கல் கிண்ணம் ஒன்று கொண்டுவந்து வைத்தது. வேறு யாரோ வெண்கலத்தில் கொண்டுவந்தார்கள். நண்டு ஒன்றையும் தொடவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டு அங்கேயே நுரை அடித்தது. நுரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதை எடுத்து ஒரு முகத்தில் தடவக் கை எழவில்லை. கிடா பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்தத் தாடை இன்றைக்கும் பாக்கிதான்.

அன்று முதல்தான் நண்டு வாயிலேயே நுரையை வைத்துக்கொண்டு திரிகிறது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் வளையை விட்டு வெளியே வந்து, கரையில் ஒற்றை ஒற்றையாகக் கிடக்கிற சிப்பி ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது.