இல்லாத காலுக்கு ஒரு கழல்

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சிரிக்க வைப்பவனுக்கு முத்துமாலை கொடுப்பான். முகம் சுளிக்க வைப்பவனை வாசலோடு அனுப்பிவிடுவான். பிடிக்காத வேலை எது வந்தாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "நாளைக்குப் பார்ப்போம்."

கருவேலந்துறைப் போரில் ஜெயித்து இரண்டு வருஷம் கழித்து, ஒருவழியாக வீரர்களுக்குக் கழல் பூட்டும் விழா வைத்தான். கழல் என்றால் லேசுப்பட்டதல்ல. உள்ளே பரல் போட்ட பொன் வளையம். அதை வலக்காலில் அணிந்தவன் நடந்தால் கலீர் கலீரென்று சபையே திரும்பிப் பார்க்கும். ராஜாவுக்கு எதிரிலேயே அவன் உட்காரலாம். பாசறையிலிருந்தபடியே போரைப் பார்த்த ராஜாவின் காலிலும் ஒன்று இருந்தது. ஆற்றைக் கடக்கும் துறையைப் பிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொண்ட தளபதி வில்லவராயர் காலிலும் ஒன்று இருந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக வந்தவன் வேம்பன். முன்னணியில் ஈட்டி பிடித்தவன். துறையில் வலக்காலைத் தொடையோடு இழந்துவிட்டுக் கோல் ஊன்றி நின்றான்.

வில்லவராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று துறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் இவன் ஒருவன்தான். "மகாராஜா, கழல் வலக்காலுக்கு உரியது. விதி அப்படி. இவனுக்கு எங்கே பூட்டுவது?"

"இடக்காலில் பூட்டினால் கழல் கோபித்துக்கொள்ளுமா, ராயரே?" என்றான் வேம்பன்.

சபை சிரித்தது. ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "விதி விதிதான், வேம்பா! போய் உன் வலக்காலைக் கொண்டு வா. என் கையாலேயே பூட்டுகிறேன்!"

சிரிப்பு அடங்கும் வரை வேம்பன் காத்திருந்தான்.

"ராஜவாக்கு. சபையே சாட்சி. கால் ஆற்றுக்கு அக்கரையில், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. நான் நொண்டிப் போய் எடுத்து வருவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். மகாராஜாவுக்கு இரண்டு கால் இருக்கிறது, லாயம் நிறையக் குதிரை இருக்கிறது. தாங்களே அங்கு வந்து பூட்டிவிடுங்களேன்."

"நாளைக்கு..." என்று தொடங்கிய ராஜா சபையைப் பார்த்தான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. "புறப்படுங்கள்! ராயரே, துறையைப் பிடித்தவர் நீர்தானே? முன்னால் போம்."

ராயர் போனார். ஆற்றங்கரையில் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, தைரியமாகக் குதிரையை இறக்கினார். கழுத்தளவுத் தண்ணீரில் குதிரை அவரை உதறிவிட்டுக் கரையேறியது.

"ஐயா, துறை அதோ, மருத மரத்தடியில்!" வண்டியிலிருந்து கை காட்டினான் வேம்பன். "நீங்கள் பிடித்தது வேறு ஆறு போலிருக்கிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். எல்லாம் அக்கரை ஏறும் வரைக்கும்தான்.

கோரைப் புல்லுக்குள் எலும்புகள் கிடந்தன. ஒரு விலாக் கூட்டுக்குள் நாணல் முளைத்திருந்தது. ராஜா அடி எடுத்து வைத்தான். கலீர் என்றது கழல். சட்டென்று குனிந்து அதைக் கையால் பொத்திக்கொண்டான். போர் முடிந்த அன்று மாலை பாசறையில் விருந்து நடந்தது. "நம் ஆட்களைப் புதைக்க வேண்டும், மகாராஜா" என்று யாரோ வந்து கேட்டார்கள். தான் என்ன சொல்லி அனுப்பினோம் என்பது இப்போது ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

"எது... எது உன் கால், வேம்பா?" என்றான் தரையைப் பார்த்தபடி.

"தெரியவில்லை. இது கீரனுடையதாக இருக்கலாம். எனக்கு முன்னால் நின்றவன். அது பொன்னனுடையதோ என்னவோ. எல்லாக் காலுக்கும் பூட்டிவிடுங்கள், மகாராஜா. என்னுடையதும் அதில் வந்துவிடும்."

ராஜா தன் கழலைக் கழற்றினான். ராயரிடம் யாரும் கேட்கவில்லை. அவரே தன்னுடையதைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆற்றில் நனைந்த கொக்கி விடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து மண்வெட்டிகள் வந்தன, பட்டு உடுத்திய சபை அவற்றைப் பிடித்தது. ராஜாவும் வெட்டினான். எலும்புகளோடு இரண்டு கழல்களும் மண்ணுக்குள் போயின. ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தவன் வேம்பன் ஒருவன்தான்.

பொழுது சாயும்போது ராஜா புதுக் கழலோடு வந்து அவன் இடக்கால் அருகே மண்டியிட்டான். வேம்பன் காலை இழுத்துக்கொண்டான்.

"மேட்டுப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது, மகாராஜா. என்னுடையதை நாளைக்குப் பார்ப்போம்."

ராஜா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான்.

இறந்தவர்களுக்காக அந்தக் கரையில் நட்ட கற்களுக்கு விளக்கேற்றும் வேலை வில்லவராயருக்கு வந்தது. துறைக்கு வழி அதற்குப் பிறகு அவருக்கு மறக்கவில்லை. அரண்மனை வாசலில் வேம்பனின் கோல் சத்தம் கேட்டாலே ராஜா எழுந்து நின்றான். வேம்பனின் காலில் கழல் இருந்ததா, இல்லையா என்று குனிந்து பார்க்கும் துணிவு மட்டும் அந்தச் சபையில் யாருக்கும் கடைசிவரை வரவில்லை.