ராஜாவை ஒட்டிய சித்திரக்காரி

பூம்பொழில் நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் முதலில் ஓடுகிறவர் ராஜா சிங்காரவர்மன்தான். சீனப் பட்டா? வாங்கு! பாரசீக அங்கியா? வாங்கு! வாங்கியதையெல்லாம் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வார். கோடையில் அவர் நடந்து வந்தால், துணிமூட்டை ஒன்று வியர்த்துக்கொண்டே வருவது போலிருக்கும்.

ஒருநாள் அரண்மனைச் சித்திரக்காரி வேண்மாளைக் கூப்பிட்டார்.

“என்னைப் படமாக்கு. பார்த்த மாத்திரத்தில் ‘ராஜா!’ என்று சபையே கும்பிட வேண்டும்.”

வேண்மாளின் வேலையைத் தன் மச்சானுக்குப் பிடித்துக் கொடுக்க மந்திரி குழைக்காதருக்கு நெடுநாள் ஆசை. ராஜாவின் காதருகே குனிந்தார்.

“ஊரில் எல்லோரையும் சாயத்தால்தானே வரைகிறார்கள். தங்களையுமா, அரசே?”

“அதானே! வேண்மாள், சாயம் தொடாதே. கரித்துண்டும் கூடாது. ஒருவர் கும்பிடாமல் நின்றாலும் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்!”

வேண்மாள் கோபமும் அழுகையுமாகச் சபை விகடர் சோணாசலத்திடம் வந்தாள்.

“அண்ணே, சாயமில்லாமல் எதால் வரைவது? மூக்காலா?”

“மூக்கும் வேண்டியதுதான். முதலில் ராஜாவைக் கழற்றுவோம், வா!”

சோணாசலம் நேரே ராஜாவின் அறைக்குப் போனார். “அரசே, படத்துக்குத் தங்கள் உடை, நகை எல்லாம் வேண்டும்.”

ராஜா ஆசையாக எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். மிஞ்சியது ஒரு நாலு முழ வேட்டி.

வேண்மாள் ஆளுயரப் பலகையில் பசை தடவினாள். அங்கி, பட்டு, முத்துமாலை எல்லாம் ஏறின. முகத்துக்குப் பித்தளைத் தட்டு. கண்ணுக்கு இரண்டு பொத்தான். மூக்குக்கு அத்தர் குப்பி. மீசைக்குக் கவரிமயிர். சோணாசலம் அதைத் தூக்கிச் சிம்மாசனத்தில் சாய்த்து வைத்தார்.

சபை கூடியது. வியாபாரிகள் வந்தார்கள். “மகாராஜா!” என்று தரையில் விழுந்தார்கள். எப்போதும் குனிந்தே பேசும் குழைக்காதர் அன்றும் குனிந்தபடியே வந்தார்.

“அரசே, அந்த வேண்மாளை விரட்டிவிட்டு என் மச்சானை...”

வாசலில் ஒரே சத்தம்.

“விடு என்னை! நான்தான் ராஜா!”

“அப்படியானால் நான் சக்கரவர்த்தி! ராஜா உள்ளே இருக்கிறார், போடா!” காவல்காரன் கந்தப்பன் நச்சென்று தலையில் ஒரு குட்டு வைத்தான்.

அவன் கைக்குக் கீழே புகுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தவர் சிங்காரவர்மனேதான். குரலைக் கேட்ட பிறகுதான் சபைக்கு ஆள் தெரிந்தது. குழைக்காதர் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“என்ன சோணாசலம் இது? என்னை ஒருவனுக்கும் தெரியவில்லையே!”

“ஆனால் படத்தை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அரசே. மந்திரி தம் மச்சானுக்கு என் தங்கை வேண்மாளின் வேலையைக் கேட்டு அதனிடம் மனுவே போட்டுவிட்டார்!”

ராஜா பலகையைப் பார்த்தார். பொத்தான் கண்கள் அவரைப் பார்த்தன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“வேண்மாள், வேலை உனக்கே. அந்த முத்துமாலையும் உனக்கே. குழைக்காதரே, உம் மச்சான் விஷயத்தை இனி அந்தப் பலகையிடமே பேசிக்கொள்ளும். சரி, என்னைக் குட்டிய இவனை என்ன செய்வது?”

கந்தப்பன் குட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“சன்மானம் கொடுங்கள், அரசே,” என்றார் சோணாசலம். “கடல் தாண்டி வந்ததெல்லாம் வாங்கினீர்கள். குட்டு மட்டும் வாங்கியதே இல்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளூர்ச் சரக்கு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள்!”