பூட்டிய வீட்டின் ஈரம்

ஆறு வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த வைரவநாதனுக்கு, ஈரச் சுவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மேலே பெயின்ட் அடிப்பார், செலவைக் குடியிருப்பவர் அட்வான்ஸில் கழிப்பார். மாடியில் ஒழுகும் தன் குளியலறைக் குழாயை மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கீழ்வீட்டு எஸ்தரின் கணவனுக்கு ஓயாத மூச்சிழுப்பு; தினமும் வெந்நீரில் ஆவி பிடிப்பான்.

"உன் புருஷன் ஆவி பிடிச்சுப் பிடிச்சே என் சுவர் ஊறிப்போச்சு. இல்லைன்னு காட்டு, அட்வான்ஸில் பைசா பிடிக்க மாட்டேன்" என்று வைரவநாதன் தெருவே கேட்கக் கத்தினார்.

"சரிங்கய்யா. அவரை ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க. ஆவி நின்னா சுவர் காயணுமில்ல?"

"காயும், பாரு!"

ஒரு மாதம் கழித்து எஸ்தர் தனியாகத் திரும்பினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் சூழ்ந்து நிற்க, வைரவநாதன் பூட்டைத் திறந்தார். சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆணியில் தொங்கிய அவள் கணவனுடைய சட்டையில் பூஞ்சை படர்ந்திருந்தது.

"ஆவி பிடிச்சவரை அடக்கம் பண்ணியாச்சு. இது யாரு விட்ட மூச்சுங்கய்யா?"

மாடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள். வழிந்த நீர் வேகமெடுத்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

வைரவநாதன் முழு அட்வான்ஸையும் நீட்டினார். எஸ்தர் வாங்கிக்கொண்டாள். ஜெயித்த கையோடு, போட ஆளில்லாத அந்தச் சட்டையை அலசி வெயிலில் காயப்போட்டாள்.