வாதிட்டவனே வழித்துணை

ஆறுகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிய காலம் அது. அப்போது செங்குவளை நாட்டை நெடுங்கோ என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த நாட்டில் ஊரை ஆள ஊருக்கு ஒரு சபை. தகுதியான ஆட்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். குலுக்கி எடுக்கும் ஓலைக்காரர்கள்தான் சபை உறுப்பினர்கள். இந்தச் சபைகளையெல்லாம் ஊர் ஊராக நடந்து உண்டாக்கியவர் மந்திரி அழிசியார். பெற்ற பிள்ளைகளைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டார்.

மாங்கரை ஊரில் ஏரி மதகை எப்போது திறப்பது என்று சபையில் சண்டை. கொற்றன் என்ற உறுப்பினர் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்றார். எதிர்த்துப் பேசிய ஊர்க்காரர் காரி, "இவன் இருக்கிறவரைக்கும் ஊர் உருப்படாது!" என்று கத்தினார். கூட்டம் கைதட்டியது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு முரடன் அதை மனசில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பிய கொற்றன் மேல் கல்லை எறிந்தான். மண்டை உடைந்தது. முரடன் சிறைக்குப் போனான். ஆனால் அந்த மாதத் தேர்தலில் குடத்துக்குள் ஓர் ஓலைகூட விழவில்லை. பயத்தில் எந்த வீட்டிலும் சம்மதம் கிடைக்கவில்லை.

சேதி அரசவைக்கு எட்டியதும் ராஜா கொதித்தார். தளபதி வல்லரையன் மீசையைத் தடவினான். அவனுக்கு அழிசியாரைக் கண்டாலே ஆகாது.

"அரசே, உறுப்பினர் ஒருவருக்கு இருபது ஈட்டிக்காரர்கள். மக்கள் நூறு அடி தள்ளி நின்று பேசட்டும். அப்போதும் ஆள் வராவிட்டால் சபையைக் கலைத்து ஊரை என்னிடம் கொடுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

அழிசியார் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அரசே, இருபது பேர் எதற்கு? ஒரே ஒரு காவலன் போதும். ஈட்டிகூட வேண்டாம். மூன்று நாள் கொடுங்கள்."

"யார் அந்தச் சூரன்?"

"காரி."

அவை அதிர்ந்தது. வல்லரையன் விழுந்து விழுந்து சிரித்தான். "மந்திரியாருக்கு மூளை குழம்பிவிட்டது!"

"தளபதியாரே, ஈட்டி கல்லைத் தடுக்கும். கல்லை எடுக்க வைத்த பேச்சை எது தடுக்கும்? கூட்டம் முடிந்ததும், யார் அதிகமாக எதிர்த்துப் பேசினாரோ அவரே தோளோடு தோள் நடந்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். கல் வந்தால் அவர் தலையிலும் விழும். பிறகு அவர் எப்படிப் பேசுவார் என்று பாருங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மறுநாள் மந்திரியோடு மாங்கரைக்கே போனார்.

மதகைப் பற்றிப் பழைய சபையே மறுபடி கூடிய கூட்டம் முடிந்தது. தலையில் கட்டோடு கொற்றனும், வெளிறிய முகத்தோடு காரியும் கிளம்பினார்கள். முதல் தெருவில் பேச்சே இல்லை. இரண்டாவது தெருவில், "இருந்தாலும் மதகை இப்பவே தொறக்கணும்யா," என்றார் காரி. "ஆடி முடியட்டும்யா!" என்றார் கொற்றன். மூன்றாவது தெருவில் இருவரும் கத்தினார்கள். கத்தின வேகத்தில் கொற்றனுக்குத் தலை சுற்றியது. காரி சட்டென்று தாங்கிப் பிடித்தார். அந்தக் கட்டில் இன்னும் ரத்தம் கசிவதைக் கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தார்.

வாசலுக்கு வந்த கொற்றன் மனைவி நங்கையின் கண்ணில் நெருப்புப் பறந்தது. "நீங்களா!"

காரி உடைந்துபோனார். "கைதட்டுவாங்கன்னு சொல்லிட்டேம்மா. மதகைப் பத்தித்தான் சண்டை. இவரு சாகணும்னு நான் ஒருநாளும் நினைக்கலை."

நங்கை உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள். "குடிச்சிட்டுப் போங்க. தெரு பூரா கத்திக்கிட்டே வந்தீங்க, தொண்டை காஞ்சிருக்கும்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அழிசியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் குடத்தில் காரி பெயர் எழுதிய ஓலை முதலில் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் குடம் நிரம்பி இன்னொரு குடம் தேட வேண்டியதாயிற்று.

அரசவையில் ராஜா தம் முத்துமாலையை அழிசியார் கழுத்தில் போட்டு, அந்த வழக்கத்தையே நாட்டுச் சட்டமாக்கினார். "அரசவைக்கும் இது பொருந்தும். வல்லரையா, இங்கே மந்திரியை அதிகமாக எதிர்ப்பவன் நீதானே? கூட்டிக்கொண்டு போ!"

அவை சிரித்தது. தளபதி கூனிக் குறுகிப்போய் மந்திரியோடு நடந்தான். கடைத்தெருவில் ஒரு மாடு மிரண்டு ஓடிவந்தது. யோசிக்காமல் வல்லரையன் மந்திரியைப் பின்னால் தள்ளி, தான் குறுக்கே நின்றான். கொம்பு அவன் கையைக் கீறிவிட்டுப் போனது.

"சட்டம்... அதனால்தான்," என்று முனகினான்.

"ஆமாம், சட்டம்தான்," என்ற அழிசியார், மேல்துண்டைக் கிழித்து அவன் கையில் கட்டுப் போட்டார்.