கழுகுப்பாறைக்கு நடக்காமல் போனவர்

முன்னொரு காலத்தில், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் தலையை மறைத்துக்கொள்ளும் ஒரு மலையின் அடியில், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். சபை நடக்கும்போது அவரும் நடப்பார். தூணுக்குத் தூண் போவார், சாளரத்தில் எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். மந்திரிகள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே விண்ணப்பம் சொல்லி முடிப்பார்கள்.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவர் திருமேனி. பெயருக்கேற்ற கனத்த உடம்பு. ராஜாவுக்குக் கால் நிற்காது என்றால் இவருக்கு வாய் நிற்காது. மனசில் ஒன்று பட்டால் அதைச் சொல்லித் தீர்க்கும்வரை உள்ளங்கை அரிக்கும். அதனாலேயே ராஜாவுக்கு அவரைப் பிடிக்கும். அதனாலேயே தளவாய் செங்கோடனுக்கு அவரைக் கண்டால் ஆகாது. பதினெட்டு வருஷம் படை நடத்தியவர் சொல்லை விட்டுவிட்டு, ராஜா ஒரு வேடிக்கைக்காரன் சொல்லைக் கேட்கிறாரே என்ற எரிச்சல் அவருக்கு.

மலை உச்சியில் கழுகுப்பாறை என்ற காவல் சாவடி. எல்லைக்கு அப்பால் புழுதி கிளம்பினால் முதலில் தெரிவது அங்கேதான். அரண்மனையிலிருந்து ராஜாவின் ஓலையை அங்கே கொண்டுபோக முப்பது ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஐந்து நாழிகை ஆகும். ஒருநாள் ஓலை போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் எதிரிகள் எல்லையோரத்து ஊர் ஒன்றின் மாடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராஜா அன்று சபையைப் பதினைந்து தடவை சுற்றினார்.

"அரசே, ஓட்டக்காரர்கள் ஓடுவதே இல்லை. பாதி வழி நடக்கிறார்கள். அடியேன் கண்ணால் கண்டேன்," என்றார் தளவாய்.

அவ்வளவுதான். அடிவாரத்தில் ஆளுயரக் கல் ஒன்று நடப்பட்டது. அதில் வெட்டியிருந்தது இது: 'ஓலை கொண்டு மலைக்குப் போகிறவன் வழியில் நடக்கலாகாது, நிற்கலாகாது, உட்காரலாகாது. மீறினால் பத்துக் கசையடி.'

மூன்று மாதம் போயிற்று. ஐந்து நாழிகையில் போன ஓலை ஏழு நாழிகையில் போனது. முதல் இரண்டு வளைவுகளைப் பாய்ந்து கடப்பார்கள். மூன்றாவதில் ஏணிப்பாறை என்ற செங்குத்தான இடத்தில் கண் இருட்டிவிடும். எல்லோரிலும் வேகமான மருதன் என்பவன் அங்கேயே சுருண்டு விழுந்தான். குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எச்சிலில் ரத்தம் இருந்தது.

திருமேனிக்கு உள்ளங்கை அரித்தது. மறுநாள் சபையில் ராஜாவுக்குப் பின்னாலேயே நடந்தபடி, "அரசே, ஓடச் சொன்ன நாளிலிருந்துதான் ஓலை தாமதமாகிறது," என்று சொல்லிவிட்டார்.

தளவாய் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"மலையேறுவது எப்படி என்று விகடகவிக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மண்டலம் அவகாசம் கொடுங்கள், அரசே. என் படையில் வேங்கையன் என்றொரு வீரன் இருக்கிறான். அன்று அவனும் விகடகவியும் ஆளுக்கொரு ஓலையோடு கழுகுப்பாறைக்குப் போட்டி போடட்டும். கல்லில் உள்ள ஆணை இருவருக்கும் பொது. விகடகவி தோற்றால் தலையை மழித்து நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும். ஓட்டக்காரர்களுக்குப் பத்துக் கசையடியை இருபதாக்க வேண்டும்."

"வென்றால்?" என்று கேட்டார் ராஜா. அவர் கண்ணில் ஆசை வந்துவிட்டது.

"வென்றால் அவர் கேட்டதைத் தாங்கள் கொடுங்கள்."

"நல்லது. அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

வெளியே வரும்போது திருமேனிக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம்போல இருந்தது. தன் தலைமுடி போனால் போகிறது. அந்த முப்பது பேரின் முதுகு?

விடிந்ததும் மலைக்கு ஓடினார். முதல் வளைவுவரை ஒரே பாய்ச்சல். அங்கே ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தார். மூச்சு வந்ததும் மறுபடி பாய்ந்தார். மறுபடி மரம். இரண்டாவது வளைவில் நாக்கைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தபோது, தலையில் சாமை மூட்டையோடு ஒரு பெண் நிதானமாக ஏறி வந்தாள்.

"மூணு தடவை என்னைத் தாண்டி ஓடுனீங்க, ஐயா. மூணு தடவையும் நான்தான் முன்னால வந்தேன்," என்றாள்.

திருமேனி பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பேச முடியவில்லை.

அவள் பெயர் நஞ்சி. விழுந்து கிடந்த மருதனின் மனைவி. புருஷன் படுத்துவிட்டதால், சாவடிக்குத் தானியம் சுமக்கும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். ஓலை சுமப்பவர்களுக்குத்தான் ஆணை. சாமை சுமப்பவர்கள் எப்படிப் போனாலும் யாரும் கேட்பதில்லை. திருமேனி நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவள் மூட்டையைக் கீழே இறக்கிவைத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் முதுகுக்காக நீங்க வாயைக் கொடுத்தீங்களா?"

"கொடுத்துவிட்டேன். காலைக் கொடுக்கத்தான் தெரியவில்லை."

"நாளைக்கு வாங்க," என்றாள் நஞ்சி.

மறுநாளிலிருந்து அவர் அவளுக்குப் பின்னால் போனார். முதலில் அவள் சொன்னது அடியைப் பற்றி. சமதரையில் வைக்கிற அடியை மலையில் வைக்கக் கூடாது. பாதியாகக் குறைக்க வேண்டும். சரிவு கூடக் கூட அடி இன்னும் சிறுக்கலாம், தாளம் மட்டும் மாறக் கூடாது. இடுப்பை மடித்துக் குனிந்தால் நெஞ்சு நசுங்கி மூச்சு அடைக்கும். உடம்பு கணுக்காலிலிருந்தே கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். உச்சியைப் பார்க்கக் கூடாது. எட்டு அடிக்கு முன்னால் தரையைப் பார்த்தால் போதும்.

"மேட்டு வழி லேசா இருந்தா சின்ன ஓட்டமாப் போங்க. ஏணிப்பாறை மாதிரி வந்தா ஓடாதீங்க. ரெண்டு கையையும் தொடையில ஊனி, ஒவ்வொரு அடிக்கும் அழுத்திப் போங்க."

"எந்த வேகத்தில் போவது?"

"பேசிக்கிட்டே போங்க. பேச்சு நின்னுச்சுன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்."

இப்படி ஒரு வித்தை தனக்கென்றே இருக்கும் என்று திருமேனி நினைக்கவில்லை. சாமையின் விலை, தளவாயின் மீசை, ராஜாவின் செருப்பு மாதத்துக்கு எத்தனை தேய்கிறது என்று பேசிக்கொண்டே ஏறினார். நஞ்சி பாதிக்குக் காது கொடுப்பாள், பாதிக்குக் கொடுக்கமாட்டாள். வாரத்துக்கு இருமுறை சின்ன மேடு ஒன்றில் வேகமாக ஏறி மெதுவாக இறங்கி, பத்துத் தடவை அதையே செய்யவைத்தாள். நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு.

அந்த ஓய்வுதான் அவருக்கு ஆகவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். நாள் குறைந்துகொண்டே போகிறதே என்று விரல்விட்டு எண்ணினார். இருபத்து நான்காம் நாள், ஓய்வு நாளில், யாருக்கும் சொல்லாமல் மலைக்குப் போய் இரண்டு தடவை ஓடினார். இரண்டாம் தடவை கெண்டைக்காலில் யாரோ கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. நொண்டிக்கொண்டு இறங்கினார். ஆறு நாள் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

நஞ்சி வந்து காலைப் பார்த்தாள். திட்டவில்லை. "உங்க காலுக்கு ஒண்ணும் இல்லை. அது சொன்னதைக் கேட்டுச்சு. நீங்கதான் எதையும் கேக்க மாட்டேங்கறீங்க," என்று சொல்லி, நொச்சி இலையை வதக்கிக் கட்டிவிட்டுப் போனாள். திருமேனி அதன்பிறகு ஓய்வு நாளில் படுத்தே கிடந்தார். அது மலையைவிடக் கஷ்டமாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏணிப்பாறையில் கையை ஊன்றித்தான் போக முடியும். வளைவுக்கு வளைவு தளவாயின் ஆட்கள் நிற்பார்கள், பார்த்தால் அதை நடை என்பார்கள். மத்தியானம் அடிவாரத்துக்குப் போய் அந்தக் கல்லின் முன்னால் நின்றார். அதுவரை அதைப் பற்றிக் கேட்டிருந்தாரே தவிர, படித்ததில்லை. ஒருமுறை படித்தார். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இன்னொருமுறை படித்தார். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

விடியலில் கொம்பு ஊதினார்கள். ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேங்கையன் அம்புபோலப் பாய்ந்தான். கூட்டம் ஆரவாரித்தது. திருமேனி தனக்குள் பேசிக்கொண்டே, வாத்துபோலச் சின்னச் சின்ன அடி வைத்து ஓடினார். கூட்டம் சிரித்தது. அது அவருக்குப் பழக்கம்.

ஏணிப்பாறையின் பாதியில் வேங்கையனைக் கண்டார். பையன் முகம் வெளிறி, ஓடவும் முடியாமல், நிற்கவும் பயந்து, ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கையைத் தொடையில் ஊன்று. அடியைச் சிறிதாக வை."

"காவலாள் பார்க்கிறான், ஐயா," என்றான் அவன். அழுகிற குரல்.

திருமேனிக்கு நின்று அவனைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. நின்றால் முப்பது முதுகு. காவலாளைப் பார்த்து, "அவனுக்குத் தண்ணீர் கொடு. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை," என்று சொல்லிவிட்டு, தொடையை அழுத்தி அழுத்தி மேலே போனார். அதன்பிறகு உச்சிவரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூச்சு இருந்தது, பேசத்தான் மனசு வரவில்லை.

ஐந்தாம் நாழிகையில் உச்சியில் கொம்பு ஒலித்தது. வேங்கையன் ஓலை ஏழாம் நாழிகையில்தான் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை அடிவாரத்துப் பந்தலில் சபை கூடியது. தளவாய் ஆறு காவலாட்களை வரிசையாக நிறுத்தினார். "அரசே, விகடகவி ஏணிப்பாறை முழுக்க நடந்து போனதை இந்த அறுவரும் கண்டார்கள். ஆணையை மீறியவன் வென்றவன் ஆகமாட்டான்."

ராஜா நடையை நிறுத்தினார். "திருமேனி, நடந்தாயா?"

"இல்லை, அரசே. ஓர் அடிகூட நடக்கவில்லை."

"ஆறு பேர் பொய் சொல்கிறார்களா?"

"அவர்கள் கண்டது உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் தவறு. ஏணிப்பாறையில் யாராலும் நடக்க முடியாது. தாங்களும் தளவாயும் அங்கே வந்து பாருங்கள். அங்கே நடந்தேன் என்று தாங்கள் சொன்னால் என் தலையை மழிப்பதோடு நிற்க வேண்டாம், கழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

பந்தலுக்குள் சுற்றிச் சலித்திருந்த ராஜாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? யாரும் குடை பிடிப்பதற்குள் மலைவழியில் கிளம்பிவிட்டார். இரண்டு வளைவுவரை விறுவிறு என்று போனார். ஏணிப்பாறை தொடங்கியதும் வேகம் குறைந்தது. பத்தடியில் பட்டு அங்கவஸ்திரம் நழுவியது. இருபதடியில் முதுகு வளைந்தது. அப்புறம் ராஜாவின் இரண்டு கைகளும் தாமாகவே தொடைக்குப் போயின. பின்னால் தளவாய், வாள் காலில் இடிக்க, பாறையைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

முன்னதாகவே மேலே போய் நின்றிருந்த திருமேனி பணிவாகக் கேட்டார்: "அரசே, தாங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

"கண் தெரியவில்லையா? ஏறுகிறேன்," என்றார் ராஜா மூச்சு வாங்க.

"தளவாய் அவர்களே, தாங்கள்?"

"நானும்... ஏறிக்கொண்டுதான்..." தளவாய் பாதியில் நிறுத்தினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"அரசே, நடக்கலாகாது, நிற்கலாகாது, உட்காரலாகாது என்று கல் சொல்கிறது. ஏறலாகாது என்று சொல்லவில்லை. அடியேன் ஏறினேன்."

ராஜா தன் தொடைமேல் இருந்த கைகளைப் பார்த்தார். வியர்வை சொட்டும் தளவாயைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மலை எதிரொலிக்கச் சிரித்தார். சிரிப்பில் கால் வழுக்கி, தளவாயின் மீசையைப் பிடித்துத்தான் நின்றார்.

"இத்தனை மாதம் முப்பது பேரை நான் வதைத்திருக்கிறேன். ஒருநாளாவது இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்," என்றார் சிரிப்பு அடங்கியதும். "கேள், திருமேனி."

கல்லைப் பெயர்க்க வேண்டும், ஓட்டக்காரர்களுக்கு மலை கற்றுக்கொடுக்கும் வேலையை நஞ்சிக்குத் தர வேண்டும், மருதனுக்கு அரண்மனை வைத்தியர் வேண்டும் என்றார் திருமேனி.

"உனக்கு?"

"தளவாய் பேச்சைக் கேட்டு என்னை இன்னொரு மலைக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்."

ராஜா மறுபடி சிரித்து, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். ஆணையை ரத்து செய்யும் ஓலை அங்கேயே எழுதப்பட்டது. அதைக் கழுகுப்பாறைக்குக் கொண்டுபோகத் தளவாயையே பணித்தார். "உச்சியில் படிக்கிறவரை பழைய ஆணைதான் நடப்பில் இருக்கும், செங்கோடா. பார்த்துப் போ," என்றார்.

திருமேனி மாலையோடு நேரே மருதன் குடிசைக்குப் போனார். அவன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நஞ்சி எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவன் முத்துமாலையைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாழிகையில ஏறுனீங்க, ஐயா?"

"ஐந்து," என்றார் திருமேனி, கொஞ்சம் பெருமையாகவே.

மருதன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தான். "அந்தக் கல்லு வர்றதுக்கு முன்னால நான் நாலுல ஏறியிருக்கேன்."

திருமேனி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தயவுசெய்து அதை ராஜாவிடம் சொல்லிவிடாதே."